அளவறிந்து ஊட்டல்

புதுவை நகருக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில் அரியாங்குப்பம் என்னும் ஊர் அமைந்துள்ளது. அதன் அருகே ஓடும் ஆறு அவ்வூரின் பெயரையே தன் பெயராகக் கொண்டு வங்கக் கடலிற் சென்று கலக்கிறது. அவ்வாற்றின் கரையில் அரிக்கமேடு என்னும் தொன்மையான மேடு ஒன்று உண்டு. 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் ஆங்கிலேயத் தொல்பொருள் அறிஞர் அவ்விடத்தை அகழ்ந்து ஆராய்ந்தார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் இவ்வூர் உரோம நாட்டோடு வாணிகத் தொடர்பு கொண்டிருந்தது என்பதை அங்குக் கிடைத்த மட்கலங்கள் உலகுக்கு உணர்த்தின. இருபுறமும் கைப்பிடி கொண்ட நீண்ட சாடிகளின் உடைந்த துண்டுகளும் அவற்றுள் இருந்தன. பிற்காலத்தில் அவற்றை ஆராய்ந்த அறிஞர்கள், அச்சாடிகளுட் சில திராட்சை மதுவையும், சில ஒலிவ எண்ணெயையும், வேறு சில மீனை உப்பிலிட்டு ஊறவைத்து வடித்த சாற்றையும் தாங்கி வந்தவை எனக் கண்டனர்.

மூடிய சாடியை வாங்கியவன் அதனுள் இருப்பது யாது என்பதைக் கண்ணாற் கண்டறிதல் இயலாது. செய்தவனையும் விற்றவனையும் நம்பியே அவன் அதனை வாங்கியிருப்பான். காலம் எத்துணையோ மாறிவிட்டது. எனினும் அந்த நம்பிக்கையின் தேவை மாறவில்லை. இன்று குளத்தில் மீன் வளர்ப்பவர் ஒருவர், தாது உப்புக் கலவை அடங்கிய மூட்டை ஒன்றைக் கடையிலிருந்து வாங்குகிறார். வெண்மையான அப்பொடியைக் கையில் அள்ளிப் பார்த்தாலும், முகர்ந்து பார்த்தாலும், அது நலம் தருவதா, தீங்கு செய்வதா என்பது விளங்குவதில்லை. அதனை விளக்குவது ஆய்வு ஒன்றே. அவ்வாய்வு ஏன் வேண்டப்படுகிறது, அஃது எவ்வாறு நடைபெறுகிறது என்பன அறியத்தக்கவை.

கடலிலும் ஆற்றிலும் திரியும் மீன் தனக்கு வேண்டிய இரையைத் தானே தேடிக்கொள்ளும். குளத்தில் நெருக்கமாக வளர்க்கப்படும் மீனுக்கு அவ்வாய்ப்பு குறைவு. மனிதன் கொடுப்பதே அதன் முதன்மையான உணவு. உலகில் வளர்ப்பு முறையால் கிடைக்கும் மீன், இறால் முதலியவற்றின் அளவு, நீர்நிலைகளிற் பிடிக்கப்படுவதன் அளவை 2022ஆம் ஆண்டில் முதன்முறையாக விஞ்சியது என ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ஆகவே மீனுக்கு ஊட்டப்படுவது யாது என்னும் வினா, மாந்தர் உண்பது யாது என்னும் வினாவாகவே ஆகிவிட்டது.

மீனின் உடலுக்குப் புரதமும் கொழுப்பும் மாவுப்பொருளும் வேண்டும். அவற்றோடு தாதுப்பொருள்களும் இன்றியமையாதவை. முள்ளும் செதிலும் உறுதி பெறுவதற்குச் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியமும் பாஸ்பரசும் வேண்டும். குருதி சிவந்து உயிர்வளியைச் சுமப்பதற்கு இரும்பு வேண்டும். இறாலின் குருதியில் இரும்பின் தொழிலைச் செம்பு செய்கிறது. அதனாலேயே அக்குருதி காற்றுப் பட்டதும் இளநீல நிறம் கொள்கிறது. கண்ணின் தெளிவுக்குத் துத்தநாகமும், தொண்டைச் சுரப்பியின் செயலுக்கு அயோடினும், உயிரணுக்களைச் சிதைவினின்று காப்பதற்குச் செலினியமும் துணை செய்கின்றன. இவற்றுட் சில மிகுதியாகவும், சில அணுவளவாகவும் தேவைப்படுகின்றன.

மீன் தன் செவுள்களின் வழியே நீரிலிருந்து கால்சியத்தை ஈர்த்துக்கொள்ளும். ஆனால் நீரில் பாஸ்பரஸ் மிக அரிது. ஆதலின் அதனைத் தீவனத்தின் வாயிலாகவே பெறவேண்டும். நம் நாட்டிற் குளத்து மீனுக்குத் தவிடும் கடலைப் பிண்ணாக்கும் இடுவது நெடுங்கால வழக்கம். தவிட்டில் பாஸ்பரஸ் நிறையவே உண்டு. எனினும் அதன் பெரும்பகுதி பைட்டேட்டு என்னும் சேர்மமாகப் பூட்டப்பட்டுக் கிடக்கிறது. மீனின் குடலால் அப்பூட்டைத் திறக்க இயலுவதில்லை. கட்லா, ரோகு போன்ற கெண்டை இனத்து மீன்களுக்கு அமிலம் சுரக்கும் இரைப்பையும் இல்லை. எனவே எளிதிற் கரையும் பாஸ்பேட்டு உப்பையும் பிற தாதுக்களையும் தனியே சேர்த்து ஊட்டும் முறை தோன்றிற்று.

தாது சேர்ப்பதன் பயனை உலகம் தெளிவாகக் கண்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்க நாட்டு மீன் பொரிப்பகங்களில் வளர்ந்த டிரவுட் என்னும் குளிர்நீர் மீன்களின் தொண்டையில் பெரிய வீக்கங்கள் காணப்பட்டன. அவற்றைப் புற்றுநோய் என்றே பலர் எண்ணி அஞ்சினர். டேவிட் மரைன் என்னும் மருத்துவர் 1910ஆம் ஆண்டை ஒட்டி அம்மீன்களை ஆராய்ந்தார். அது புற்றுநோய் அன்று. அயோடின் குறைவால் தோன்றிய கழலையே என அவர் கண்டார். சிறிதளவு அயோடின் கொடுத்தபோது வீக்கம் தணிந்தது. அவரும் அவருடைய துணைவரும் 1917இல் ஓகியோ மாநிலத்து ஆக்ரன் நகரப் பள்ளி மாணவியருக்கு அயோடின் உப்பைச் சிறிதளவு கொடுத்து, மாந்தருக்கும் கழலை நோய் வாராமல் தடுக்கலாம் என்பதை மெய்ப்பித்தனர். இன்று வீடுதோறும் புழங்கும் அயோடின் கலந்த உப்பின் வரலாற்றில் குளத்து மீனுக்கும் பங்குண்டு.

சிறிதளவு இத்துணை நன்மை செய்யுமாயின், பேரளவு பெருநன்மை செய்யும் என்று எண்ணுவது மனித இயல்பு. இவ்வெண்ணமே தீங்கிற்கு வாயில். ஒரு பொருளை நஞ்சாக்குவது அதன் அளவே என்னும் கருத்தைப் பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த பாரசெல்சசு என்னும் மருத்துவர் வலியுறுத்தினார். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று தமிழ்ப் பழமொழியும் கூறும். இவ்வுண்மைக்குத் தாதுப்பொருள்களைக் காட்டிலும் பொருத்தமான சான்று காண்டல் அரிது.

செலினியத்தை எடுத்துக்கொள்வோம். 1980ஆம் ஆண்டில் கனடா நாட்டு ஆய்வாளர் வானவில் டிரவுட் மீன்களுக்கு வெவ்வேறு அளவில் செலினியம் கலந்த தீவனத்தைக் கொடுத்து ஆராய்ந்தனர். ஒரு கிலோகிராம் உலர்தீவனத்தில் 0.15 முதல் 0.38 மில்லிகிராம் வரை இருந்தாலே அம்மீனின் தேவை நிறைவுறுகிறது என்று கண்டனர். 13 மில்லிகிராம் இருந்தபோது மீன்களின் வளர்ச்சி குன்றியது, பல மடிந்தன. 3 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் நாளடைவில் தீங்கு விளையக்கூடும் என்றும் அவர்கள் எச்சரித்தனர். தேவைக்கும் தீங்கிற்கும் இடையே உள்ள வெளி எத்துணைக் குறுகியது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. 0.3 என்று எழுதவேண்டிய இடத்தில் புள்ளி தவறி 3 என்று எழுதப்படுமாயின், உணவு நஞ்சின் எல்லையை எட்டிவிடும்.

கலக்கும் தொழிலும் எளிதன்று. ஒரு டன் தீவனத்திற்குக் கிலோகிராமுக்கு 0.3 மில்லிகிராம் வீதம் செலினியம் சேர்க்கவேண்டுமாயின், மொத்தம் வேண்டப்படுவது 300 மில்லிகிராமே. ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவான இப்பொருள் ஆயிரம் கிலோகிராமிலும் ஒரே சீராகப் பரவவேண்டும். பரவாவிடின் ஒரு மூட்டையில் உண்ணும் மீனுக்குக் குறையும், மற்றொரு மூட்டையில் உண்ணும் மீனுக்கு மிகையும் நேரும். இது கருதியே தாதுக்களை முதலிற் சுண்ணாம்புக்கல் தூள் போன்ற தீங்கற்ற பொருளோடு சிறிது சிறிதாகக் கலந்து பெருக்கி, அதன் பின்னரே தீவனத்திற் சேர்க்கின்றனர்.

ஒரு தாது மற்றொன்றின் பயனைக் கெடுப்பதும் உண்டு. முள் மிகுந்த மீன் தூளால் செய்த தீவனத்தை உண்ட டிரவுட் மீன்களின் கண்கள் வெண்படலம் படர்ந்து ஒளியிழந்ததை அமெரிக்க ஆய்வாளர் 1970களில் ஆராய்ந்தனர். அத்தீவனத்தில் துத்தநாகம் இல்லாமல் இல்லை. முள்ளிலிருந்து வந்த கால்சியமும் பாஸ்பரசும் மிகுந்து, துத்தநாகத்தைக் குடல் ஏற்கவொட்டாமல் தடுத்துவிட்டன. துத்தநாகத்தைக் கூட்டிக் கொடுத்தபோது கண் கெடவில்லை. ஆகவே ஒவ்வொரு தாதுவையும் தனித்தனியே அளந்தால் மட்டும் போதாது. கூட்டாக அவை எவ்வாறு இயங்குகின்றன என்பதையும் காணவேண்டும்.

தாதுவின் மிகுதி ஒருபுறம் இருக்க, தாதுவோடு ஒட்டிவரும் மாசு மற்றொரு பகையாகும். பாறையிலிருந்து எடுக்கும் பாஸ்பேட்டில் புளூரினும் காட்மியமும் கலந்திருப்பதுண்டு. துத்தநாகச் சேர்மங்களில் காரீயம் ஒட்டியிருப்பதுண்டு. இயற்கையில் தோண்டி எடுத்த பொருள் தீங்கற்றது என்னும் நம்பிக்கையும் பிழையாகலாம். அமெரிக்காவில் 1997ஆம் ஆண்டு நிகழ்ந்த நிகழ்ச்சி இதனை நன்கு விளக்கும். கோழி இறைச்சியை ஆய்வு செய்தபோது, சில கோழிகளின் கொழுப்பில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு வழக்கத்தினும் மிகுந்திருப்பது தெரியவந்தது. அதிகாரிகள் அதன் தடத்தைப் பின்பற்றித் தீவனத்தை ஆராய்ந்தனர். சோயாப் பிண்ணாக்குக் கட்டிபடாமல் இருப்பதற்காக மிசிசிப்பி மாநிலத்துச் சுரங்கக் களிமண் சிறிதளவு அதனிற் சேர்க்கப்பட்டிருந்தது. அக்களிமண்ணே நஞ்சின் இருப்பிடம் என்பது புலனாயிற்று. பண்ணைகளில் வளர்க்கப்பட்ட கெளுத்தி மீன்களும் அத்தகைய தீவனத்தை உண்டிருந்தன. அவற்றின் உடலிலும் அந்நஞ்சு காணப்பட்டது. உடனே அக்களிமண்ணைத் தீவனத்திற் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஆலைக் கழிவு எதுவும் அதனிற் கலந்திருக்கவில்லை. தொன்மையான அம்மண்ணில் இயற்கையாகவே அந்நஞ்சு உண்டாகியிருந்தது என்று ஆய்வாளர் கருதினர்.

இந்நிகழ்ச்சியில் உற்றுநோக்கத்தக்கது ஒன்று உண்டு. அக்களிமண் தனக்கு இட்ட பணியைச் செவ்வனே செய்தது, பிண்ணாக்குக் கட்டிபடவில்லை. பயன் தருகிறதா என்று மட்டும் கேட்டிருந்தால், ஆம் என்றே விடை வந்திருக்கும். தீங்கு செய்கிறதா என்பது வேறு வினா. அவ்வினாவுக்கு வேறு சோதனை வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளாமையே பாதுகாப்பு ஆய்வின் அடிப்படையாகும்.

இனி, அவ்வாய்வு நடைபெறும் முறையைக் காண்போம். முதற்படி வேதியியல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. மூட்டையின் ஓரிடத்திலிருந்து மட்டும் எடுக்காமல், மேலும் கீழும் நடுவுமாகப் பல இடங்களிலிருந்து மாதிரி எடுத்துக் கலக்கின்றனர். அதனை அமிலத்திற் கரைத்து, அணு உட்கவர் நிறமாலைக் கருவி போன்ற கருவிகளால் ஆராய்கின்றனர். கரைசலை வெப்பச் சுடரில் செலுத்தினால், ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஒளியை ஈர்த்துக்கொள்ளும். ஈர்க்கப்பட்ட ஒளியின் அளவைக்கொண்டு தனிமத்தின் அளவை அறியலாம். இம்முறையை ஆஸ்திரேலிய அறிஞர் ஆலன் வால்சு 1955ஆம் ஆண்டில் விளக்கினார். சீட்டில் எழுதியுள்ள அளவு உள்ளே இருக்கிறதா, காரீயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக்கு ஆகியவை எல்லை கடந்துள்ளனவா என்பன இங்கே தெரியவரும். எடுத்துக்காட்டாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி ஒரு கிலோகிராம் முழு மீன் தீவனத்தில் காரீயம் 5 மில்லிகிராமையும் காட்மியம் 1 மில்லிகிராமையும் கடத்தல் ஆகாது.

இரண்டாம் படி மீனிடத்துச் செய்யும் சோதனை. ஒரே வயதும் ஏறத்தாழ ஒரே எடையும் உடைய மீன் குஞ்சுகளைத் தேர்ந்து, பல தொட்டிகளில் விடுகின்றனர். ஒரு தொகுதிக்குத் தாது சேர்க்காத தீவனம். ஒரு தொகுதிக்குப் பரிந்துரைத்த அளவு சேர்த்த தீவனம். பிற தொகுதிகளுக்கு அவ்வளவின் சில மடங்கு சேர்த்த தீவனம். முதல் தொகுதி ஒப்பீட்டிற்கு உரியது. அஃது இல்லையேல், ஒரு மீன் மடிந்தால் அது தாதுவால் மடிந்ததா, வெயிலால் மடிந்ததா எனக் கூறுதல் இயலாது. ஒவ்வோர் அளவுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட தொட்டிகள் வேண்டும். ஒரு தொட்டியில் தற்செயலாக நேர்ந்ததைப் பொதுவிதியாகக் கொள்ளாமைக்கு அது காவலாகும். எந்தத் தொட்டிக்கு எந்தத் தீவனம் என்பதையும் சீட்டுக் குலுக்குவது போன்ற முறையால் முடிவு செய்கின்றனர்.

வெப்பநிலை, உயிர்வளி, நீரின் கடினத்தன்மை ஆகியவற்றை நாள்தோறும் அளந்து குறிக்கின்றனர். மீன் இரை கொள்ளும் முறை, நீந்தும் நிலை, எடை ஆகியவற்றைக் கவனிக்கின்றனர். வாரங்கள் பல கழிந்தபின் குருதியையும் ஈரலையும் செவுளையும் நுண்ணோக்கியால் ஆராய்கின்றனர். வெளித்தோற்றத்தில் நலமாக உள்ள மீனின் ஈரலில் சிதைவு தொடங்கியிருக்கலாம். நீரில் கரைந்த பொருளால் மீனுக்கு நேரும் உடனடித் தீங்கை அறிவதற்கு 96 மணி நேரச் சோதனை ஒன்றும் உலக நாடுகளிற் கையாளப்படுகிறது. ஆனால் நான்கு நாள் உயிரோடிருந்தது என்பதனால் நெடுநாள் நலத்திற்கு உறுதி கூறுதல் ஆகாது.

இவ்வுண்மையை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துப் பெல்யூசு ஏரி உணர்த்திற்று. அது தீவனத்தால் நேர்ந்த தீங்கு அன்று. 1970களில் நிலக்கரி மின்நிலையத்தின் சாம்பல் நீர் அவ்வேரியிற் கலந்தது. அந்நீரிலிருந்த செலினியத்தின் அளவு மிகச் சிறிதே. எனினும் அது நுண்ணுயிர்களிற் சேர்ந்து, அவற்றை உண்ட மீன்களில் மேலும் சேர்ந்தது. வளர்ந்த மீன்கள் பெரும்பாலும் நலமாகவே தோன்றின. அவற்றின் முட்டைகளிலோ நஞ்சு படிந்திருந்தது. பிறந்த குஞ்சுகள் உருக்குலைந்து மடிந்தன. சில ஆண்டுகளுக்குள் அங்கிருந்த 20 மீனினங்களுள் 19 இனங்கள் அற்றுப்போயின. தாய் மீனை மட்டும் நோக்கியவர் தீங்கு இல்லை என்றே கூறியிருப்பர்.

மூன்றாம் படி உண்போரின் நலம் பற்றியது. மீனின் தசையைத் தனியே எடுத்து, அதில் தாதுவும் மாசும் எவ்வளவு தங்கியுள்ளன என அளக்கின்றனர். மீனில் காரீயம் கிலோகிராமுக்கு 0.3 மில்லிகிராமைக் கடத்தல் கூடாது என உலக உணவுத் தர நெறியாகிய கோடெக்சு வரையறுத்துள்ளது. நாள்தோறும் மீன் உண்ணும் கடற்கரைக் குடும்பத்தின் குழந்தைகளையும் இங்கே கருத்திற் கொள்ளவேண்டும். சிறிய உடலுக்குச் சிறிய அளவும் பெரிதாகும்.

நான்காம் படி நீரும் சூழலும் பற்றியது. மீன் உண்ணாத தீவனமும் அதன் கழிவும் குளத்திலேயே தங்குகின்றன. பாஸ்பரஸ் மிகுந்தால் பாசி பெருகும். பாசி மடிந்து அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறைந்து, மீன்கள் விடியற்காலையில் நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறந்து தவிக்கும். செம்பு மிகுந்த நீர் வெளியேறினால் நத்தையும் சிற்றுயிர்களும் அழியும். அரியாங்குப்பம் ஆற்றின் கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் வளர்கின்றன. அவற்றின் வேர்களிடையே மீன் குஞ்சுகளும் இறால் குஞ்சுகளும் புகலிடம் கொள்கின்றன. இத்தகைய கழிமுகத்தை நோக்கி ஒரு குளத்தின் நீர் திறந்துவிடப்படுமாயின், அக்குளத்தில் இட்ட ஒரு பிடி உப்பும் கடலில் வலை வீசுவோரின் வாழ்வைத் தொடும். இவற்றோடு, பொடியைக் கையாளும் தொழிலாளியின் மூச்சுக்கும் தோலுக்கும் அது கேடு செய்யுமா என்பதும் ஆராயப்படுகிறது.

இந்தியாவில் மீன், இறால் ஆகியவற்றின் உணவை ஆராயும் நிலையங்கள் உள்ளன. உவர்நீர் உயிரின வளர்ப்புக்கான நடுவண் ஆய்வு நிறுவனம் 1987ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றுச் சென்னையில் இயங்கி வருகிறது. சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் அதன் சோதனைக் களம் உள்ளது. நன்னீர் மீன்களுக்கான நடுவண் நிறுவனம் ஒடிசாவின் புவனேசுவரத்தை அடுத்துள்ளது. கடற்கரைப் பகுதிகளில் நடைபெறும் வளர்ப்பைச் சீர்செய்வதற்கு 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆணையம் ஒன்றும் அமைக்கப்பட்டது. ஆயினும் ஆய்வகம் வகுத்த எல்லை குளக்கரையிற் காக்கப்பட்டாலன்றிப் பயன் இல்லை.

ஆதலின் மீன் வளர்ப்போர் கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள் சில உள. சீட்டில் உள்ளடக்கமும் அளவும் குறிக்கப்படாத கலவையை வாங்குதல் ஆகாது. கையால் அள்ளி இடாமல் தராசால் நிறுத்து இடவேண்டும். முன்னரே தாது சேர்த்து வந்த தீவனத்தின் மேல் மற்றொரு கலவையைத் தூவினால், அளவு இரட்டிப்பாகும் என்பதை மறத்தல் கூடாது. குளத்து நீரை ஆய்வு செய்து, குறை யாது எனத் தெளிந்த பின்னரே நிறைவு செய்யவேண்டும். மாட்டுக்கென ஆக்கிய கலவை மீனுக்குப் பொருந்தும் என்று கருதுவதும் தவறு. ஏதேனும் தீங்கு தோன்றின், பயன்படுத்திய மூட்டையின் எண்ணையும் நாளையும் குறித்து வைத்திருப்பது அதன் காரணத்தைக் கண்டறியத் துணையாகும்.

அரிக்கமேட்டின் மண்ணில் கிடந்த சாடித் துண்டுகள் ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பின் தம்முள் இருந்தவற்றை அறிஞருக்கு அறிவித்தன. அன்று அச்சாற்றை உண்டவர் அவ்வறிவைப் பெற்றாரல்லர். இன்று மீனை உண்போர் அத்துணைக் காலம் காத்திருக்க வேண்டுவதில்லை. மூட்டையின் வாய் அவிழ்க்கப்படுமுன்னரே அதனுள் இருப்பதை அளந்து கூறும் ஆற்றல் அறிவியலுக்கு உண்டு. அவ்வளவைக் கேட்டறிவதும், அறிந்தபடி ஊட்டுவதும் மீனை வளர்ப்போரின் கடமை. மாலையில் அம்மீனைக் குழம்பாக்கித் தம் குழந்தைகளுக்கு இடும் பெற்றோர், கண்ணாற் காணாத அக்கடமையை நம்பியே அதனைத் தட்டில் இடுகின்றனர்.